மீனம்மா பறித்துக்கொண்டு ஓடிய இலக்கம்

நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடப் போகிறேன் என்று நான் சொன்ன அன்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வீட்டுக்கு வீடு சிரித்தார்கள். "முப்பத்தெட்டு வயசுல ஓடிப்போறியா ஜீவராணி, யாரோட?" என்று கேட்டவர்களும் உண்டு. ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. முதுகில் கொழுந்தைச் சுமந்துகொண்டு இருபது வருஷம் மலை ஏறி இறங்கியவள் நான். வெறுங்கையை வீசிக்கொண்டு தார் ரோட்டில் ஓடுவது பெரிய வித்தையா என்ன?

ஹட்டனில் மனநல ஆலோசகராக இருக்கும் ஷாமிலா மிஸ்ஸின் சங்கம்தான் ஓட்டத்தை நடத்தியது. தோட்டத்துக்கு ஒருவர் ஓட வேண்டும். ஆறு மணித்தியாலத்துக்குள் முடித்தால் அந்தத் தோட்டத்துக்கு ஒரு வருஷம் பணம் கொடுத்து உதவுவதாகச் சிலர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவின் பின் அறையில், வாரம் ஒருநாள் மிஸ் வந்து உட்கார்ந்து ஆட்களோடு பேசுவார். முடிக்காவிட்டால் அறையும் இல்லை, மிஸ்ஸும் இல்லை.

அந்த அறை எனக்கு மீனம்மா அக்காவுக்காக வேண்டும். லயத்தில் எனக்கு அடுத்த காம்பரா வீட்டுக்காரி. கொழும்பில் கட்டட வேலைக்குப் போன அவளுடைய ஒரே மகன் வினோஜன் சாரத்திலிருந்து விழுந்து செத்து எட்டு மாதம். அன்றிலிருந்து காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு வருவாள், கொழுந்தெடுப்பாள், போவாள். வாயைத் திறக்க மாட்டாள். ஹட்டன் கிளினிக்குக்குக் கூப்பிட்டால் தலையை ஆட்டிவிட்டு வீட்டுக்குள் போய்விடுவாள். பஸ்ஸில் யாராவது எங்கே போறீங்க என்று கேட்டுவிட்டால்?

எனக்கு இது தெரியாத நோயில்லை. நாலு வருஷத்துக்கு முன் ஏழாம் மாதத்தில் என் வயிற்றுப் பிள்ளை போனபோது நானும் இப்படித்தான் ஆனேன். கோழி அறுத்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். கடைசியில் ஷாமிலா மிஸ்தான் என்னை மனுஷியாக்கினார். அதுவரை மலையில் செடியைப் பார்த்துக்கொண்டு மரம் மாதிரி நிற்பேன்.

மலையில் ஆளுக்கு ஒரு வரிசைச் செடி, அதுதான் நிரை. ஒருத்திக்கு முடியவில்லை என்றால் பக்கத்து நிரைக்காரி அதையும் சேர்த்து எடுத்துவிடுவாள். நிரை சுத்தமாக இருந்தால் போதும், எந்தக் கை எடுத்தது என்று மேற்பார்க்க வரும் கண்டாக்கு கேட்பதில்லை. பதினோரு வாரம் என் நிரையை எடுத்தவள் மீனம்மா அக்கா. ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் பூண்டுலோயாவில் தொடங்கியது. ஹட்டனில் செருப்புக் கடை வைத்திருக்கும் பைஸர் நானா சங்கத்தின் சார்பில் மோட்டார் சைக்கிளில் ஓடுகிறவர்களைக் கண்காணித்தபடி வந்தார். எனக்குச் சப்பாத்து விற்றவரும் அவர்தான். வட்டகொடையில் ஜாக்கெட் நனைந்தது. தலவாக்கலையில் இரண்டு பொடியன்களை முந்தினேன். ஹட்டனைத் தாண்டும்போது, ஓட்டம் முடியும் நோர்வூட் மைதானத்தில் போய் எப்படிக் கையைத் தூக்குவது என்றுகூட யோசித்து வைத்துவிட்டேன்.

டிக்கோயாவில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்தேன். எங்கள் மலைப் பெண்கள் ஆறு பேர் பிளேன்டீயும் வாழைப்பழமுமாக அங்கேதான் காத்திருந்தார்கள். மீனம்மா அக்காவும் இருந்தாள். காலை நீவிவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று என் நெஞ்சில் குத்தியிருந்த இலக்கத் துணியைக் கழற்றித் தன் ஜாக்கெட்டில் குத்திக்கொண்டாள்.

"நீ உக்காரு புள்ள. மிச்சத்த நான் எடுத்துர்றேன்."

எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு. அதை நான் கேட்டு முடிப்பதற்குள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ரப்பர் செருப்போடு அவள் வளைவைத் தாண்டிவிட்டாள். மற்ற ஐந்து பேரும் கை தட்டினார்கள். அவர்களில் ஒருத்திக்கும் இதில் தப்பு இருப்பதாகத் தோன்றவில்லை.

"அடி பாவிகளா, அவ போய்ச் சேர்ந்தா ஓட்டம் செல்லாதுடி" என்று கத்திக்கொண்டே எழுந்தேன். கால் பிடித்தது பிடித்தபடியே இருந்தது. கோபத்தில் ஓடினேன். நில்லுக்கா, நில்லுக்கா என்று நான் கூப்பிடக் கூப்பிட, நீ பேசாமல் உட்கார் என்று கையைக் காட்டிவிட்டு அவள் இன்னும் வேகமாக ஓடினாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. சப்பாத்து வாங்கியவள் நான்.

கடைசியில் பைஸர் நானாதான் வண்டியைக் குறுக்கே நிறுத்தினார்.

"அவ நெரைய நான் எடுத்தா என்னவாம்?" என்று அக்கா அவரிடம் சண்டைக்கு நின்றாள்.

"இது மலை இல்ல அக்கா. யார்ட நம்பரோ அவங்க கால்தான் ஓடணும்." பிறகு நொண்டிக்கொண்டு வந்த என்னைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்க ஒங்க காலாலதான் வந்தீங்க, நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். குத்துங்க நம்பர. ஒன்னேகால் மணித்தியாலம் இருக்கு."

அக்கா இலக்கத்தைக் கழற்றி என் நெஞ்சில் திருப்பிக் குத்திவிட்டாள். "ஒனக்கு ஒண்ணும் செய்ய முடியலியே புள்ள" என்றாள்.

"யாரு சொன்னா? கூட வாக்கா. என் நெரைய எடுக்கத்தானே கூடாது, பக்கத்துல வரக் கூடாதுன்னு இல்லியே."

பைஸர் நானா வேறு பக்கம் பார்த்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

நடந்தோம், ஓடினோம், நொண்டினோம். அவள் பேசினாள். வினோஜனுக்கு ரொட்டியும் காரமான கட்டச்சம்பலும் இருந்தால் போதும் என்றாள். கொழும்பில் தனக்கு ஒரு சேலை வாங்கி வைத்திருந்தான் என்றாள். நோர்வூட் பாலம் தெரியும்போது குரல் தாழ்ந்துவிட்டது.

"அவன் விழுந்த அன்னைக்கு கொழுந்து நிறுக்கிற நேரத்துல எனக்கு போன் எடுத்தான் புள்ள. அப்புறம் எடுடான்னு வச்சிட்டேன்."

அழுகை வந்தது. இதற்குப் பதில் தெரிந்த ஒருவர் இவள் எதிரே வந்து உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று, பிடித்த காலை இழுத்துக்கொண்டு ஓடினேன். ஐந்து மணித்தியாலம் ஐம்பத்து நாலு நிமிஷம். யோசித்து வைத்தபடி கையைத் தூக்க மறந்துவிட்டேன்.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை பின் அறை திறந்தது. அக்காவை நான்தான் மலையிலிருந்து கூட்டி வந்தேன். வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே ஷாமிலா மிஸ் நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது.

"எனக்காக நீ போய்ச் சொல்லிரு புள்ள. ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"இந்த நெரைய நான் எடுக்க முடியாதுக்கா. இங்கேயே உக்காந்திருக்கேன்."

கொழுந்துப் பையை என்னிடம் கொடுத்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனாள். இரண்டு பைகளையும் மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் ஒரு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தேன்.

நாங்கள் மலைக்குத் திரும்பியபோது எங்கள் இரண்டு நிரையும் சுத்தமாக இருந்தன. யார் எடுத்தது என்று கண்டாக்கு கேட்கவில்லை.