ஏசியா, பன்றிக்கறியா

அக்காவின் மாமியார் சுன்-ஜா கொரியாவின் பூசானிலிருந்து எங்கள் ஊரான காவ்சியுங்குக்கு முதல்முறை வந்தபோது, அவர் பெட்டியில் துணிமணியைவிடக் கனமாக ஒரு மின்சார கிரில் இருந்தது. கறி வாட்டித் தின்ன வழியில்லாமல் தம் மகன் இங்கே இளைத்துவிட்டான் என்று அவருக்கு நினைப்பு. டோங்-ஷிக் அத்தான் கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு முறை பெரிய பெல்ட்டாக மாற்றியிருந்தார்.

அடாப்டர் போட்டுச் செருகி, பன்றிக்கறியை அடுக்கினார்கள். சத்தமே இல்லை. கறி வேகாமல் வியர்த்துக்கொண்டு கிடந்தது.

"டேய், இந்த ஊர்ல சூடுகூட சோம்பேறியாடா?" என்று மாமியார் கொரிய மொழியில் கேட்டார்.

அத்தானுக்கு மொழிபெயர்ப்புதான் தொழில். அக்காவிடம் திரும்பி எங்கள் மொழியில், "கறி ரொம்ப நல்லா இருக்காம்" என்றார்.

சீரியல் பார்த்தே கொரிய மொழி கற்றவள் நான். பீரை வாயில் ஊற்றிக்கொண்டு சிரிப்பை அடக்கினேன்.

அக்கா யி-ச்சுன் ஏசி கம்பெனியில் இன்ஜினியர். கிரில்லின் அடியில் ஒட்டியிருந்ததைப் படித்தாள். "இது இருநூத்திருபது வோல்ட்டுக்குச் செஞ்சது. நம்ம வீட்ல நூத்திப்பத்துதான்."

"வோல்ட் பாதின்னா சூடும் பாதி. ரெட்டிப்பு நேரம் காத்திருந்தா ஆச்சு" என்றார் அத்தான்.

"ஆகாது. வோல்ட் பாதியானா கரண்டும் பாதியாயிடும். ரெண்டையும் பெருக்கு, கால்வாசி சூடுதான்."

அக்கா தன் மீட்டரைக் கொண்டுவந்து பிளக்குக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் பொருத்தினாள். நூற்றுப்பத்து வோல்ட், இரண்டரை ஆம்பியர். டிஷ்யூ தாளில் எழுதினாள்: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் நாற்பத்து நான்கு ஓம், அதுதான் கம்பியின் தடை. இரண்டையும் பெருக்கினால் இருநூற்று எழுபத்தைந்து வாட்ஸ். அதே கம்பிக்கு இருநூற்றிருபது கொடுத்தால் ஐந்து ஆம்பியர், ஆயிரத்து நூறு வாட்ஸ்.

"என்னடா சொல்றா?" என்றார் மாமியார்.

"நீங்க கொண்டுவந்த கிரில் அழகா இருக்காம், அம்மா."

மாமியார் அவரைப் பார்க்கவே இல்லை. டிஷ்யூவை இழுத்து 275, 1100 என்ற இரண்டு எண்களையும் பார்த்தார். நூடுல்ஸ் கடை நடத்துகிறவர், கணக்கு விரல்நுனியில். நான்கு விரல்களை அக்காவிடம் காட்டி, மூன்றை மடக்கினார். அக்கா தலையாட்டினாள். இருவரும் சேர்ந்து அத்தானைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கறீங்க? கரண்டை நானா திருடினேன்?"

மாமியார் டிஷ்யூவில் 220ஐத் தட்டி, சுவர்களைச் சுற்றிக் கைகாட்டினார். அக்கா தயங்கித் தயங்கி மேலே பார்த்தாள். இருநூற்றிருபது இருந்தது ஏசிக்கு மட்டும்தான்.

"வேணாம்மா, இது ஜூலை!" என்று அத்தான் அலறினார். அந்த ஒன்றை மட்டும் உள்ளதை உள்ளபடி இரண்டு மொழியிலும் சொன்னார்.

ஏசியின் பிளக்கைக் கழற்றி, தடித்த வயரை இழுத்துக் கிரில்லைச் செருகினோம். சற்று நேரத்தில் கறி சடசடவென்று பொரிந்தது. கொழுப்பு தெறித்தது, வீடு சூளையானது. அத்தான் பனியனோடு ஜன்னலில் தொங்கினார். நானும் அக்காவும் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு தின்றோம். மாமியார் கத்தரிக்கோலால் கறியை வெட்டி வெட்டி அக்காவுக்கே முதலில் ஊட்டினார்.

"அத்தை, இன்னும் ஒண்ணு" என்று அக்கா தனக்குத் தெரிந்த கொரிய மொழியில் கேட்டாள்.

"தின்னு கண்ணு. அவனுக்கு எலும்பு போதும்."

அத்தான் அதை மொழிபெயர்க்கவில்லை. மாமியார் இப்போதெல்லாம் ஏசி தேவைப்படாத ஜனவரியில்தான் வருகிறார்.