எடைமேடையில் விழுந்த துண்டு

கொன்றையேந்தலில் மரங்கள் மின்நிலையத்துக்குத் தாங்களே நடந்து போய்விடும். வெட்டவும் வேண்டாம், லாரியில் ஏற்றவும் வேண்டாம். விடிந்ததும் வேர்களை வேட்டி மாதிரி மடித்துக் கட்டிக்கொண்டு, மெயின் ரோட்டின் இடது ஓரமாகவே நடந்து, நிலையத்தின் வாசலில் வரிசையாக நின்றுவிடும். முறை வந்ததும் எடைமேடையில் ஏறி, எடை காட்டிவிட்டு, அந்தப் பக்கம் இறங்கிக் கொதிகலனுக்குள் போகும். தள்ளுமுள்ளு கிடையாது. ரேஷன் கடையில் நிற்கிற நம்மைவிட எவ்வளவோ தேவலை.

இந்த ஏற்பாட்டைச் செய்தவர் நிலையத்தின் மேலாளர் சிதம்பரநாதன். ஆட்டோவில் மைக் கட்டி, ஒவ்வொரு மரத்தடியிலும் நிறுத்திச் சொல்லியிருந்தார். "எரிவதைப் பற்றி மரங்கள் கவலைப்பட வேண்டாம். எரிந்த மரம் மறுபடி முளைக்கும். முளைத்ததும் தான் விட்ட புகையைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். கணக்கு நேராகிவிடும். வெளியூர் போய்விட்டு வருவது மாதிரிதான்."

மரங்களுக்கு, சொன்ன சொல்லை நம்பித்தான் பழக்கம். முதலில் சீமைக்கருவேலம் போனது. விட்டது சனியன் என்று ஊரே நிம்மதியாக இருந்தது. பிறகு வேம்புகள் போயின. கண்மாய்க்கரை மருதமரங்கள் போயின. பள்ளிக்கூடத்துப் புளியமரம், பாதிப் பரீட்சையில் எழுந்து போனது. போன எதுவும் திரும்பவில்லை. நிலையத்தில் கேட்டால், வந்துகொண்டிருக்கிறது என்பார்கள்.

பஸ் ஸ்டாண்டில் புங்கமரம் மட்டும் போகாமல் இருந்தது. அதன் அடியில்தான் மாரிக்கொழுந்து இஸ்திரி வண்டி போட்டிருந்தாள். அவளுக்குப் புருஷன் இருந்தபோதும் அந்த மரம்தான் நிழல் கொடுத்தது, அவன் செத்த பிறகும் அதுதான் கொடுத்தது. அந்த மரத்தின் மேல் அவளுக்கு அப்படி ஒரு பிரியம். வாய்விட்டுச் சொன்னதில்லை. மரத்திடம் யார் சொல்வார்கள்?

அந்தப் புதன்கிழமை காலையில் முதலில் நிழல் நகர்ந்தது. வெயில் ஏறுகிறது என்று நினைத்து வண்டியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டாள். நிழல் இன்னும் நகர்ந்தது. மறுபடி தள்ளினாள். மூன்றாவது தடவை நிமிர்ந்து பார்த்தபோது மரம், மதுரை பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்று, ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது.

"ஏய்! எங்க போற? நில்லுங்கிறேன்ல!"

மரம் நிற்கவில்லை. மாரிக்கொழுந்துக்கு வந்த கோபத்தில் இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. ஊரார் துணியெல்லாம் வண்டியில் இருக்கிறது, விட்டுவிட்டும் ஓட முடியாது. அதனால் வண்டியோடு ஓடினாள். எதிர்க்கடை டீ மாஸ்டர் பீர் பாய், பாலை அடுப்பிலேயே விட்டுவிட்டுப் பின்னால் ஓடி வந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம், என்ன ஏது என்று தெரியாமலே, சேர்ந்து ஓடினார்கள். கொன்றையேந்தலில் நாலு பேர் ஓடினால் ஐந்தாவது ஆள் நின்று யோசிப்பதில்லை.

நிலையத்து வாசலில் ஒரு நாவல் மரத்துக்குப் பின்னால் புங்கமரம் நின்றிருந்தது. வரிசை அவ்வளவு சீக்கிரம் நகர்ந்திருந்தது. மாரிக்கொழுந்து ஒரு கிளையைப் பிடித்து இழுத்தாள்.

"வீட்டுக்கு வா. சொல்றதக் கேளு."

மரம் அசையவில்லை. வெளியூர் போகிற சந்தோஷத்தில் உச்சி முதல் அடி வரை பூத்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு சிதம்பரநாதன் வெளியே வந்தார். நல்ல மனிதர்தான். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார்.

"சார், என் மரம் தெரியாம வந்துருச்சு. திருப்பி அனுப்பி வைங்க."

"நாங்க யாரையும் இழுத்துட்டு வரலம்மா. தானா வந்திருக்கு. நான் எப்படிப் போகச் சொல்ல முடியும்?"

"எரிஞ்சா எப்ப சார் திரும்பி வரும்?"

"வந்துரும். உங்க பேத்தி காலத்துல நல்லா நிழல் குடுக்கும்."

"அதுவரைக்கும் நான் எங்க சார் நிக்கிறது?"

அவர் அவள் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தார். "நீங்களும் கரி போட்டுத்தானே இஸ்திரி போடுறீங்க?"

"இது சிரட்டைக் கரி சார். தேங்காய் சட்னிக்குப் போனது போக மிச்சம்."

"நாங்களும் மிச்சத்தத்தாம்மா எரிக்கிறோம்."

"மிச்சத்துல எதுக்கு சார் காக்கா அடை காத்துக்கிட்டு இருக்கு?"

சிதம்பரநாதன் நாவல் மரத்தை அண்ணாந்து பார்த்தார். காக்கா அவரைக் குனிந்து பார்த்தது.

"அதையும் சேர்த்து எடை போட்டுருவோம்," என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே நாவல் மரம் எடைமேடையில் ஏறியது, எடை காட்டியது, காக்காவோடு அந்தப் பக்கம் இறங்கிப் போனது. அடுத்தது புங்கமரம். அது ஒரு வேரைத் தூக்கிவிட்டது.

மாரிக்கொழுந்து வண்டிப் பக்கம் திரும்பினாள். யோசிக்க நேரமில்லை. யோசிக்க நேரமில்லாதபோது கொன்றையேந்தல்காரர்கள் ஒன்றைத்தான் செய்வார்கள். வண்டியிலிருந்த துணிக்குவியலில் கைக்கு வந்ததை உருவி, எடைமேடையின் நட்டநடுவில் வீசினாள்.

"எடம் போட்டாச்சு! யாரும் ஏறக் கூடாது!"

தூக்கிய வேர் அந்தரத்தில் நின்றது.

அந்த ஊரில் துண்டு விழுந்த இடம் துண்டுக்காரருடையது. பஸ் ஜன்னல் வழியாகப் போட்டாலும் சரி, கல்யாணப் பந்தியில் போட்டாலும் சரி. கர்ப்பிணிப் பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுப்பவர்கள்கூட, அடுத்தவர் துண்டை எடுத்து நகர்த்த மாட்டார்கள். புங்கமரம் பஸ் ஸ்டாண்டிலேயே வளர்ந்த மரம். அதற்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கூட்டம் ஹோவென்று கத்தியது. யாரோ விசில் அடித்தார்கள். மாரிக்கொழுந்துக்குச் சிரிப்பும் மூச்சுவாங்கலும் சேர்ந்து வந்தன. இடம் தன்னுடையது, தான் ஏறப்போவதில்லை, ஆகவே இனி யாரும் ஏற முடியாது. துண்டு பாட்டுக்குக் கிடக்கட்டும். அவ்வளவு நிம்மதியாக அவள் அதுவரை இருந்ததே இல்லை.

பீர் பாய்தான் குனிந்து பார்த்தார்.

"தங்கச்சி, இது உன் துண்டு இல்லையே."

இல்லைதான். வெள்ளை டர்க்கி டவல். சிதம்பரநாதனின் ஆபீஸ் நாற்காலி முதுகில் போர்த்தியிருப்பது. டர்க்கி டவலை உலகத்தில் யாரும் இஸ்திரிக்குக் கொடுக்க மாட்டார்கள், அவர் கொடுப்பார். புதன்கிழமைதோறும் முதல் துணியாக அது வந்துவிடும்.

கத்தல் அடங்கியது. எல்லோரும் மேலாளரைப் பார்த்தார்கள். மரங்களும் பார்த்தன.

சிதம்பரநாதன் கொன்றையேந்தலில் பிறந்தவர். துண்டு போட்டு இடம் பிடித்தே காலேஜ் படிப்பை முடித்தவர். டவலைப் பார்த்தார். பிறகு ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"என் துண்டுதான்," என்று சொல்லி, ஏறி, அதன் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

எடை போடுகிறவர் வழக்கம்போல உரக்கப் படித்தார். "எழுபத்தெட்டு கிலோ. ஈரம் ஜாஸ்தி." பிறகு கையைக் காட்டினார். "அந்தப் பக்கம் எறங்குங்க சார்."

அந்தப் பக்கம் கொதிகலனின் கதவு திறந்திருந்தது. உள்ளே நாவல் மரம் நன்றாகப் பிடித்துக்கொண்டு எரிந்தது. முட்டையை வாயில் கவ்விக்கொண்டு வெளியே வந்த காக்கா, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து பார்த்தது.

"கவலைப்படாதீங்க சார்," என்றார் பீர் பாய். மனதாரத்தான் சொன்னார். "திரும்ப முளைச்சுருவீங்க."

"கணக்கு நேராயிரும் சார்," என்றாள் மாரிக்கொழுந்து.

சிதம்பரநாதனுக்கு முகமெல்லாம் வியர்த்தது. டவலின் ஒரு மூலையை இழுத்துத் துடைத்துக்கொண்டார்.

"கொஞ்சம் யோசிச்சுச் சொல்றேன்," என்றார்.

வரிசை முழுக்க ஒரு சலசலப்பு ஓடியது. காற்று இல்லை. கடைசியில் நின்ற முருங்கைதான் முதலில் திரும்பியது. அதற்குப் பின்னால் இரண்டு வேம்பு. ஒரு கிழட்டு ஆலமரம், விழுதுகளை ஒவ்வொன்றாகத் திருப்பவே ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டது. மாரிக்கொழுந்து புங்கமரத்தின் வேரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தரத்தில் நின்ற வேர் மெதுவாகக் கீழே இறங்கியது. முன்னால் வைக்கவில்லை. பின்னால் வைத்தது.

அப்புறம் அங்கே யார் யாரைக் கட்டிப்பிடித்தார்கள் என்று சொல்ல முடியாது. பெண்கள் குலவை போட்டார்கள். பஸ்ஸைக் கோட்டைவிட்டவர்கள், அடுத்த பஸ்ஸும் போகட்டும் என்று மரங்களுக்கு முன்னால் ஆடிக்கொண்டு வந்தார்கள். மெயின் ரோடு முழுக்க நிழலாக இருந்தது. மாரிக்கொழுந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு புங்கமரத்தின் பக்கத்திலேயே நடந்தாள். வழி நெடுக அதைத் திட்டிக்கொண்டே வந்தாள். அறிவிருக்கா, யாரு என்ன சொன்னாலும் நம்பிருவியா, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? மரம் அவள் தலையில் பூவைக் கொட்டிக்கொண்டே வந்தது.

சிதம்பரநாதன் எடைமேடையிலேயே இருந்தார். அவருடைய இடம், அதற்கப்புறம் யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை. மதியம் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. சாப்பிட்டதும் எடை கூடியதையும் உரக்கப் படித்தார்கள்.

சாயங்காலம் புங்கமரத்தடியில் நல்ல கூட்டம். காலையில் வேலை கெட்டுப்போனதால் துணி குவிந்து கிடந்தது. மாரிக்கொழுந்து ஒவ்வொருவராக அனுப்பிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூட வாத்தியாருக்கு அடுத்ததாக நிலையத்துப் புகைபோக்கி வந்து நின்றது. பஸ் ஸ்டாண்டுத் தகரக் கூரையில் இடிக்காமல் குனிந்து, அக்குளில் இடுக்கியிருந்த கடைசிப் புகையை எடுத்து நீட்டியது. ரொம்பக் கசங்கியிருந்தது.

மாரிக்கொழுந்து அதை விரித்துப் பார்த்தாள். தண்ணீர் தெளித்துச் சுருட்டி, வெள்ளைத் துணிகளோடு சேராமல் தனியாக வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கோங்க. மடிச்சுக் குடுக்கவா, ஹேங்கர்ல மாட்டவா?"

மடித்துக் கொடுத்தால் போதும் என்றது.