உப்புச் சிலுவை

பத்தொன்பதாவது நாளாக மழை பெய்துகொண்டிருந்தது. லா பிளாட்டாவில், அதுவும் ஜனவரி மாதத்தில், இப்படிக் கொட்டுவதற்கு இந்த மழைக்கு என்ன உரிமை என்று டெல்மிரா கேட்காத நாளில்லை. பூமியின் தென்பாதியில் ஜனவரிதான் மண் வெடித்துக் கிடக்கவேண்டிய கோடை. டாலியாச் செடிகள் பூவோடு சேற்றில் குப்புற விழுந்துவிட்டன. துளசி கறுத்துப்போயிற்று. பூசணி இலைகளில் வெள்ளையாக மாவு பூத்திருந்தது. அவையெல்லாம் போய்த் தொலையட்டும். அவளுடைய உயிர் இருந்தது தக்காளியில்.

அந்தத் தக்காளிக்கு 'அவலட்சணம்' என்று அவளே பெயர் வைத்திருந்தாள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் சாக்கடை ஓரத்தில் தானாக முளைத்தது. பார்த்தால் யாரோ மேலே உட்கார்ந்து எழுந்த மாதிரி இருக்கும், வாயில் வைத்தால் ருசியில் பேச்சு வராது. ஒவ்வொரு கோடையிலும் நல்ல பழமாகப் பார்த்து, விதையைக் காகிதத்தில் தடவிக் காயவைத்து, பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பாள். யார் கேட்டாலும் "அடுத்த வருஷம் தர்றேன்" என்பாள். அந்த அடுத்த வருஷம் யாருக்கும் வந்ததில்லை. டிசம்பரில் கூரை ஒழுகி, டப்பாவுக்குள் தண்ணீர் போய், மிச்ச விதையெல்லாம் அழுகிவிட்டது. ஆக, உலகத்திலேயே அவலட்சணம் மிஞ்சியிருந்தது தோட்டத்துச் செடிகளில் மட்டும்தான். முப்பது செடிகளில் இருபத்தாறைக் கருகல் நோய் கொண்டுபோயிற்று. மேட்டுப் பாத்தியில் நாலு நின்றன. ஒரே ஒரு பழம் பழுத்தால் போதும். பச்சைக் காயின் விதை முளைக்காது.

அவளால் உட்கார முடியவில்லை. ஜன்னலுக்குப் போவாள், கதவைத் திறப்பாள், குடையை எடுத்துக்கொண்டு போய்ச் செடிக்குப் பிடிப்பாள், நனைந்து திரும்புவாள்.

"ஒரு எடத்துல உக்காரேன் கிழவி. நீ எட்டிப் பாத்தா நிக்கிற மழையா இது?" என்றார் எவரிஸ்தோ. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்ந்த புருஷன். மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் கிண்ணமும் கையுமாக இருந்தார்.

"நீ பேசாம மாத்தேய உறிஞ்சு. ஒனக்குத் தக்காளின்னா கடையில வர்றது, அவ்வளவுதானே தெரியும்."

வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் பெர்த்தா தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். "என்னடி, இன்னும் மழைய வெட்டி நிறுத்தலையா நீ? கோடாலியக் கொத்தி நிறுத்தி, உப்பால ஒரு சிலுவை போடு. என் மக கல்யாணத்தன்னிக்குப் போட்டோம், ஒரு சொட்டு விழல."

"எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கெடையாது" என்று சொல்லிவிட்டு டெல்மிரா நேராகக் கோடாலியைத் தேடிப் போனாள்.

கோடாலியை மண்ணில் கொத்தி நிறுத்தியாயிற்று. சிலுவையை எங்கே போடுவது? முற்றத்துத் தளத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். நீருக்கு மேலே தலை தூக்கி நின்ற இடம் மேட்டுப் பாத்தி ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை இறைச்சி சுடுவதற்காக வாங்கிவைத்திருந்த கல்லுப்பு இரண்டு பொட்டலம். கஞ்சத்தனம் பார்க்காமல் இரண்டையும் பிரித்து, நாலு செடிக்கும் நடுவில் பெரிதாக ஒரு சிலுவை போட்டாள்.

அரைமணி நேரம் உப்பைக் கரைத்துவிட்டு மழை நின்றது. சாயங்காலம் வெயிலே வந்துவிட்டது. டெல்மிரா உள்ளே ஓடிப்போய் எவரிஸ்தோவின் வழுக்கையில் சத்தமாக ஒரு முத்தம் கொடுத்தாள். இருவரும் பல நாட்களுக்குப் பிறகு சிரித்தார்கள்.

நாலாம் நாள் இலைகளின் ஓரம் தீய்ந்திருந்தது. நோய் இல்லை. நோயை அவள் அறிவாள்.

வேலியில் சாய்ந்து பார்த்த பெர்த்தாவின் முகம் மாறியது. "சிலுவைய எங்கடி போட்ட?"

"இங்கதான்."

"மண்ணுலயா? அடிப்பாவி! கோடாலிதான் மண்ணுல, உப்பு தளத்துல! இதக்கூடவா சொல்லித்தருவாங்க?"

"தளந்தான் தண்ணிக்குள்ள கெடந்துச்சே!"

"அப்ப அடுப்படியில போடுறது!"

டெல்மிரா குனிந்து ஒரு தீய்ந்த இலையைத் தொட்டுப் பார்த்தாள். மழைக்குத் தப்பியதைத் தன் கையாலேயே கொன்றிருக்கிறாள். உப்பைக் கழுவ ஒரே வழி தண்ணீர். வானத்தைப் பார்த்தாள். துடைத்துவிட்டாற்போல் இருந்தது. குழாயைத் திறந்து பாத்தியில் விட்டாள்.

"பத்தொன்பது நாள் சும்மா ஊத்துனவன வெரட்டிட்டு, இப்ப நீ ஊத்துறியா?" என்று எவரிஸ்தோ வாசலில் நின்று வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் குழாயை அடுத்த செடிக்கு நகர்த்தினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

இரண்டு நாள் விடாமல் பாய்ச்சினாள். மூன்று செடிகள் செத்தன. நாலாவதில் ஒரு பழம் மட்டும் சிவக்கத் தொடங்கியிருந்தது, தோள்பட்டையில் இன்னும் பச்சை. இன்னும் இரண்டு நாள் கிடைத்தால் முழுதாகப் பழுத்துவிடும். மூன்றாம் நாள் காலையில், உப்பை நீக்க வேறு வழி உண்டா என்று கேட்க விதைக்கடைக்கு நடந்தாள். கடைக்காரனுக்கும் தெரியவில்லை. திரும்பி வந்தபோது காம்பில் பழம் இல்லை.

சமையலறையில் எவரிஸ்தோ சாப்பாட்டு மேஜையில் இருந்தார். முன்னால் தட்டு, எண்ணெய், வெங்காயம், சிவப்புச் சாறு.

"வெடிச்சிடுச்சு கிழவி" என்றார் அவசரமாக. "நீ ஊத்துன தண்ணிதான். உச்சியிலேருந்து அடி வரைக்கும் வாயப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு, எறும்பு வேற. நீ வந்து பாத்தா தாங்க மாட்டேன்னுதான்..."

"தின்னுட்டே."

"வெடிச்சதுல ஏது விதை?"

வெடித்த பழத்தின் விதையும் முளைக்கும் என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது. அவள் மனம் நோகக்கூடாதென்றுதான் செய்திருந்தார். அந்தக் கணத்தில் டெல்மிரா அவரை வெறுத்தாள், அதைவிட அதிகமாகத் தன்னை வெறுத்தாள். அவரோ பேச்சு முடிந்தது என்று நினைத்து, வழக்கம்போலத் தட்டின் சாற்றைத் துடைக்க ரொட்டித் துண்டை எடுத்தார்.

"கைய எடு!"

ரொட்டி அந்தரத்தில் நின்றது. அவள் தட்டை இழுத்துக்கொண்டாள். விளிம்பில் நாலு விதை. வெங்காயத்தில் ஒட்டிக்கொண்டு இரண்டு. வெட்டுப் பலகையில் ஒன்று, அது கத்தி பட்டுப் பாதியாகியிருந்தது. கத்தி முனையால் ஒவ்வொன்றாக எடுத்துக் காகிதத்தில் வைத்தாள். ஆறில் ஒன்று முளைக்குமோ, அதுவும் முளைக்காதோ. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். மீசையில் ஒரு விதை தொங்கியது. அதையும் எடுத்தாள். அப்புறம் நாற்காலியை அவர் அருகில் இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"வாயத் தெற" என்றாள்.

எவரிஸ்தோ திறந்தார்.