ஏழு சுற்று

முதல் பனி விழுந்த பிறகுதான் குஹ்மோ ஊர்க்காரர்களுக்குத் தங்கள் வண்டிக்குச் சக்கரம் இருப்பதே ஞாபகம் வரும். செப்டம்பரிலிருந்தே ஹில்க்கா தொண்டை வறளச் சொல்லிக்கொண்டுதான் இருப்பாள். கூட்டம் சேர்வதற்கு முன்னால் வந்து குளிர்கால டயரை மாட்டிக்கொண்டு போங்கள் என்று. ஒரு ஆள் எட்டிப் பார்க்க வேண்டுமே! நவம்பரில் ஒரு நாள் எழுந்து பார்த்தால் வாசல் வெளுத்துக் கிடக்கும். அவ்வளவுதான், மொத்த ஊரும் அவள் பட்டறை முன்னால் வரிசை கட்டி நிற்கும், அதுவும் எல்லோருக்கும் அவசரம்.

அப்படியொரு வியாழக்கிழமைக் காலை. மணி எட்டு. முற்றத்தில் ஏழு வண்டிகள். காத்திருக்கும் அறையில் காப்பியும் ஏலக்காய் பன்னும். பட்டறைக்கும் அந்த அறைக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சன்னலும், சரியாகச் சாத்தாத ஒரு கதவும்.

ஹில்க்காவுக்கு ஐம்பத்தேழு வயது. குள்ளம், அகன்ற தோள். அப்பாவுக்குப் பிறகு இருபத்தாறு வருடமாகப் பட்டறை அவள் கையில். வண்டி முற்றத்தில் திரும்பும்போதே அளவைச் சொல்லிவிடுவாள், அட்டவணை பார்க்க மாட்டாள். அவள் கொள்கை ஒன்றே ஒன்று: குளிருக்குச் சின்ன ரிம், ஒல்லி டயர். அகலமான டயர் சகதிப் பனியின் மேல் மிதக்கும். ஒல்லி டயர் அதைக் கிழித்துக்கொண்டு இறங்கிப் போய்ச் சாலையைப் பிடிக்கும். ரிம் ஓரிரு அங்குலம் சிறுத்தால் ரப்பரின் பக்கச்சுவர் அந்த அளவு உயரும், மொத்த உயரம் மாறாது, உறைந்த சாலையின் குழிகளையெல்லாம் அந்த ரப்பரே விழுங்கிவிடும். பளபளக்கும் பெரிய சக்கரத்தோடு நகரத்திலிருந்து வந்து இறங்கும் இளைஞர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி அவள் கண்டதெல்லாம் சிரிப்புதான். ஜனவரியில் அதே இளைஞர்கள் பள்ளத்திலிருந்து போன் செய்வார்கள்.

அவள் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. தொல்லையும் அதுதான். தப்பு என்று ஒப்புக்கொள்ளும் பழக்கமே அவளுக்கு வரவில்லை. குளியல் குடிலுக்கு ஒருமுறை பச்சை வர்ணம் வாங்கி அடித்தாள். காய்ந்த பிறகு அது மூன்று நாள் ஆன பட்டாணி சூப்பு மாதிரி இருந்தது. ஊரே சிரித்தது. பதினான்கு வருடமாக அவள் அதைக் காட்டுப் பச்சை என்றே சொல்லி வருகிறாள்.

அன்று லிப்டில் ஏறியிருந்தது அவள் தங்கை கத்ரியின் வண்டி. கத்ரி வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நர்ஸ். ஏரிக்கரைச் சாலையின் கோடியில், நாற்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, ஆர்மஸ் என்ற கிழவருக்குப் பத்து மணிக்குள் இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். அந்தச் சாலையில் ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் தண்ணீர். நவம்பரில் அந்தத் தண்ணீரின் மேல் பனிக்கட்டி ஆளைத் தாங்காது, வண்டியை எங்கே தாங்கும்?

வசந்தத்தில் விவாகரத்து முடிந்ததும் கத்ரி ஔலு நகரத்துக்குத் தனியாகப் பேருந்தில் போய் இந்த வண்டியை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்தாள். பள்ளிக்கூடம், வேலை, திரைச்சீலை வரை எல்லாவற்றுக்கும் அக்காவைக் கேட்டவள், கேட்காமல் வாங்கிய முதல் பொருள் இதுதான். ஹில்க்காவுக்கு அது சுருக்கென்று தைத்தது. வெளியே சொல்லவில்லை. ஆனால் சக்கரம் என்று பேச்சு வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இதுக்குப் பதினேழு அங்குலத்துக்குக் கீழ போகக் கூடாதுன்னு வித்தவர் சொன்னாருக்கா," என்று இரண்டு வாரத்துக்கு முன் போனில் சொன்னாள் கத்ரி.

"வித்தவனுக்கு என்னடி தெரியும்? கோட்டுப் போட்டுக்கிட்டுக் கண்ணாடி ரூம்ல நிக்கிறவன். இதே வண்டிக்கு நான் நூறு தடவை பதினாறு மாட்டியிருக்கேன்."

"அதே வண்டிதான். ஆனா இதுல இன்ஜின் பெருசாம்."

"நான் என்ன இன்ஜின்லயா டயர் மாட்டப் போறேன்?"

கத்ரி சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். ஹில்க்கா பதினாறு அங்குல இரும்பு ரிம் நான்கையும், பனிக்கட்டியைக் கவ்வ இரும்பு ஆணி பதித்த ஒல்லி டயர் நான்கையும் வரவழைத்து, ஒன்றாக்கி, சுண்ணக்கட்டியால் கத்ரி என்று எழுதித் தனியே அடுக்கி வைத்தாள். அவ்வளவு அக்கறை. அளந்து மட்டும் பார்க்கவில்லை.

பின் சக்கரங்கள் இரண்டும் ஒழுங்காக ஏறின. அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. போல்ட்டை முதலில் விரலால்தான் திருக வேண்டும், ஒவ்வொரு சுற்றையும் வாய்விட்டு எண்ண வேண்டும், ஏழு வந்தால்தான் அப்புறம் இறுக்கும் இயந்திரத்தை எடுக்கலாம். அப்பா வைத்த சட்டம்: அதற்குக் குறைந்தால் ஓட்டத்தில் சக்கரம் கழன்றுவிடும். உள்ளே காப்பி குடிப்பவர்களுக்கு அந்த எண்ணிக்கை பழகிப் போய்விட்டது. ஏழு கேட்டால் கோப்பையை வைத்துவிட்டுச் சாவிக்குக் கை நீட்டுவார்கள்.

"அஞ்சு... ஆறு... ஏழு," என்று முடித்து ஹில்க்கா முன்பக்கம் வந்தாள். சக்கரத்தைத் தூக்கி வைத்தாள், போல்ட்டைப் பிடிப்புக்குத் திருகினாள், கையால் சுழற்றிப் பார்த்தாள்.

கர்ர் என்றது.

கழற்றிப் பார்த்தாள். பிரேக்கைக் கவ்விப் பிடிக்கும் இரும்பின் முதுகில் புதிதாக ஒரு கீறல் மின்னியது. பெரிய இன்ஜின், அதனால் பெரிய பிரேக். பதினாறு அங்குலத்துக்குள் அது அடங்காது. ஒரு அளவுகோலை வைத்துப் பார்த்திருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும் விஷயம். காதெல்லாம் சுட்டது அவளுக்கு.

உள்ளே ஓஸ்மோவின் குரல் கேட்டது. மரம் ஏற்றும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தன் வண்டிக்கு முறை வரும்வரை ஊர்க்கதை அளப்பவர்.

"உனக்கென்னம்மா கவலை, கத்ரி? உங்க அக்கா கண்ணாலயே அளக்கிறவ. ஹில்க்கா தப்பாச் சொன்ன அன்னிக்குப் பனி கறுப்பா விழும், பாத்துக்க."

எல்லோரும் சிரித்தார்கள். கத்ரி மட்டும், "அவகிட்ட பதினேழுன்னு சொன்னேன், மாமா. ஒரே சிரிப்பு," என்றாள்.

"பின்னே? கோழி நீந்தக் கத்துக் குடுத்தா வாத்து சிரிக்காதா?"

அந்தச் சிரிப்பு கதவிடுக்கு வழியாக வந்து ஹில்க்காவின் பிடரியில் உட்கார்ந்துகொண்டது. இப்போது போய்ப் பதினேழுதான் சரி என்று சொல்லலாம். ஏழு பேர் முன்னால், அதுவும் சின்னவள் முன்னால். அவள் மேசை இழுப்பறையைத் திறந்தாள். யாரோ எப்போதோ விட்டுப்போன இரண்டு அலுமினியத் தகடுகள் கிடந்தன, விரல் பருமன் கூட இல்லை. அவற்றைச் சக்கரத்துக்குப் பின்னால் கொடுத்து மாட்டினாள். சக்கரம் சற்று வெளியே தள்ளி நின்றது. உரசாமல் சுழன்றது.

போல்ட்டை விரலால் திருகினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. நின்றுவிட்டது. கழற்றி மறுபடி திருகினாள். ஐந்துதான். தகடு தின்ற இடத்துக்கு போல்ட் நீளம் போதவில்லை. அவள் வாயைத் திறக்கவே இல்லை, மனசுக்குள்தான் எண்ணினாள். இயந்திரத்தை எடுத்து இறுக்கினாள். அந்தப் பக்கமும் அப்படியே.

ஐந்து ஒன்றும் பூஜ்யம் இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். நாலு நாள்தான். இன்றைக்கே பதினேழு வரவழைத்துவிட்டால், காற்றுப் பார்க்க வேண்டும் என்று திங்கட்கிழமை கூப்பிட்டுச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். யாருக்குத் தெரியப் போகிறது? இப்படி நினைத்தவள் வேறு யாராவது பட்டறைக்காரியாக இருந்திருந்தால், ஹில்க்காவே அவளை ஸ்பேனரால் அடித்திருப்பாள்.

கத்ரி சாவி வாங்க வந்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"எல்லாம் சரிதானே, அக்கா?"

"நான் மாட்டி என்னிக்குடி சரியில்லாம போச்சு? நூறு கிலோமீட்டர் ஆனதும் வா, இன்னொரு தடவை இறுக்கித் தரேன்."

வழக்கமாகக் கொடுக்கும் சீட்டை நீட்டினாள். கத்ரி சீட்டைப் பார்க்கவில்லை, அக்கா முகத்தைப் பார்த்தாள். கையுறையை மெதுவாக, ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டாள். "சரி," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்தது ஓஸ்மோவின் வண்டி. ஹில்க்கா பழைய சக்கரத்தைக் கழற்றினாள், ஆணி டயரை ஏற்றினாள், போல்ட்டை விரலால் பிடித்தாள்.

"ஒண்ணு," என்றாள். "ரெண்டு. மூணு."

தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. நான்கு சொன்னாள். ஐந்து சொன்னாள். போல்ட் இன்னும் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, ஆறு, ஏழு, அதற்கு மேலும் அரை. ஓஸ்மோவின் ஓட்டை வண்டிக்கு ஏழரைச் சுற்று. ஏரிக்கரையில் போகிற தங்கைக்கு ஐந்து. கையிலிருந்த போல்ட்டுகள் கீழே விழுந்து உருண்டன. குளிர்ச்சட்டை கூட இல்லாமல் கதவை உதைத்துத் திறந்துகொண்டு முற்றத்துக்கு ஓடினாள். போனை எடுக்கவில்லை, எதில் ஏறித் துரத்துவது என்றும் யோசிக்கவில்லை, வெறுமனே ஓடினாள்.

ஓடத் தேவையே இருக்கவில்லை. முற்றம் சாலையைத் தொடும் இடத்தில் கத்ரியின் வண்டி நின்றுகொண்டிருந்தது. இன்ஜின் ஓடியது, திரும்பும் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது, கூரையில் பனி அரை விரல் சேர்ந்திருந்தது.

ஹில்க்கா கண்ணாடியைத் தட்டினாள். கத்ரி அதை இறக்கினாள்.

"இறங்குடி. இறங்கு. அஞ்சு சுத்துதான் போச்சு. உள்ள தகடு வெச்சிருக்கேன். பதினாறு சேரலை."

கத்ரி திரும்பும் விளக்கை அணைத்தாள்.

"பதினேழுதான் சரி. நீ சொன்னதுதான் சரி. நான் அளக்கலை. தப்பு என்னுது." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நீ ஏன் இன்னும் போகலை?"

"பின் சக்கரம் ரெண்டுக்கும் எண்ணினது கேட்டுச்சு, அக்கா. முன்னாடி ரெண்டுக்கும் கேக்கவே இல்லை."

பனி ஹில்க்காவின் தலைமுடியில் விழுந்து உருகியது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"தெரிஞ்சுமா சாவியை வாங்கிட்டு வந்த?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன். பத்து நிமிஷம் இங்கயே நிக்கலாம்னு இருந்தேன்."

"நான் வரலைன்னா?"

"வண்டியை இங்கயே விட்டுட்டு ஒரு டாக்ஸி பிடிச்சு ஆர்மஸ் வீட்டுக்குப் போயிருப்பேன்." கத்ரி இன்ஜினை நிறுத்தினாள். "அப்புறம் உன்கிட்ட வந்திருக்க மாட்டேன். வண்டிக்கு மட்டும் இல்ல. எதுக்குமே."

கத்ரியின் குரல் உயரவில்லை. சின்ன வயதில் எதற்கெடுத்தாலும் அழுதவள், இன்று அழாமல் சொன்னதுதான் ஹில்க்காவை உலுக்கியது. எத்தனை நிமிடம் மீதி இருந்தது என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கப் பயமாக இருந்தது. கால்சட்டைப் பையிலிருந்து தன் வேனின் சாவியை எடுத்து நீட்டினாள்.

"ஆர்மஸ் காத்திருப்பாரு. இதை எடுத்துட்டுப் போ. ஏரிக்கரையில மெதுவாப் போ."

"மெதுவாப் போகத் தெரியும்," என்றாள் கத்ரி. வேனில் ஏறி உட்கார்ந்து இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். "இதுக்கு எத்தனை சுத்து?"

"எட்டு."

"சத்தமா எண்ணினியா?"

"என் வண்டிக்கு நான் மாட்டும்போது கேக்க யாருடி இருக்கா?"

கத்ரி அவளை ஒரு கணம் பார்த்தாள். "சாயங்காலம் வரேன். நூறு கிலோமீட்டர் ஆயிருக்கும்ல, இறுக்கித் தா. பக்கத்துல நின்னு கேக்கறேன்."

வேன் திரும்பி ஏரிப் பக்கமாகப் போய் மறையும்வரை ஹில்க்கா பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பட்டறைக்குள் போகாமல் நேராகக் காத்திருக்கும் அறைக்குப் போனாள். எல்லோரும் முற்றத்துப் பக்கச் சன்னலோரம் நின்றிருந்தவர்கள், பார்க்காதவர்கள் போல அவசரமாக உட்கார்ந்தார்கள்.

"கத்ரி வண்டிக்குப் பதினேழு அங்குலம்தான்," என்றாள் ஹில்க்கா. "அவ சொன்னா. நான் கேக்கலை. தப்பான சக்கரத்தை மாட்டி, தெரிஞ்சே அனுப்பப் பாத்தேன். வேற கடைக்குப் போறவங்க போகலாம், நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

யாரும் அசையவில்லை. ஓஸ்மோ எழுந்து சன்னலுக்குப் போய், கையால் ஆவியைத் துடைத்து, வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"பனி வெள்ளையாத்தானேம்மா விழுது," என்றார். திரும்பி வந்து காப்பியை எடுத்துக்கொண்டார். "போ, போ. என் வண்டி மூணு காலோட நிக்குது. ஆனா ஒண்ணு, முதல்லேருந்து எண்ணணும், ஆமா."

ஹில்க்கா பட்டறைக்குள் போய்த் தரையில் சிதறிய போல்ட்டுகளைப் பொறுக்கினாள். கதவை அகலத் திறந்து வைத்தாள், குளிர் உள்ளே வந்தாலும் வரட்டும் என்று. முதல் போல்ட்டை விரலால் வைத்துத் திருகி, அறைக்குள் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, முற்றத்தில் கடைசி வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவனுக்கும் கேட்கும்படி, "ஒண்ணு," என்றாள்.