மேமலைத் தோட்டத்துப் படமிஷின்

படம் காட்டும் மிஷினைக் கொடுத்துவிட்டு ரேடியோ வாங்குவதா, பழுது பார்த்து வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க, மேமலைத் தோட்டத்துப் படிப்பகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டம் போட்டிருந்தார்கள்.

மேமலை, இலங்கை மலையகத்தில் வட்டவளைக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டம். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரப் பெரியதொரை சீமைக்குத் திரும்பும்போது, பங்களாவில் வைத்திருந்த மிஷினையும் மூன்று ரீல்களையும் தொழிலாளர் மன்றத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் சில மாதம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு படம் குதிக்க ஆரம்பித்தது. அப்புறம் மங்கியது. கடைசியில் திரையின் ஓரங்களிலெல்லாம் கறுப்பு மயிர் முளைத்த மாதிரி ஏதோ நெளிந்து, நடுவில் நிற்கிற ஆளையும் பாதி மூடிவிட்டது.

சண்முகவடிவு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில், தூளிலிருந்து காம்பு பொறுக்குகிறவள். மன்றக் கூட்டத்துக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை. அவளை வரவைத்தது நாலாவது ரீல்.

அவள் புருஷன் கந்தப்பன் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மலையில் மண் சரிந்து இறந்து பதினாலு மாதம் ஆகியிருந்தது. அவனுக்கு ஒரு போட்டோ கிடையாது. பிரஜாவுரிமை மனுவுக்குப் படம் வேண்டும், ஹட்டனுக்குப் போய் எடுத்து வருகிறேன் என்று மூன்று மழைக்காலம் சொல்லிக்கொண்டே இருந்தான், போகவில்லை. ஆனால் கடைசி மாசியில் காமன் கூத்துக்கு ரதி வேஷம் கட்டினான். விடிய விடிய நடந்த கூத்தைப் பார்த்த பெரியதொரை, காலையில் வெயில் வந்ததும் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துக்கு அவர்களைக் கூப்பிட்டு, எரிந்துபோன காமனுக்காக ரதி அழுகிற இடத்தை மட்டும் திரும்ப ஆடச் சொன்னார். சாவி கொடுத்து ஓடவிடும் கேமராவில் அதைப் பிடித்துக்கொண்டார். அந்த நாலாவது ரீலைச் சீமையில் கழுவித் தபாலில் அனுப்பியிருந்தார். அது வந்து சேர்ந்தபோது கந்தப்பன் இல்லை. மிஷினும் கெட்டிருந்தது.

தீபாவளிக்கு ஒருதரம் போட்டுப் பார்த்தார்கள். ரதியின் சேலை தெரிந்தது. அது சண்முகவடிவின் கூறைச்சேலை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பு நெளிந்தது.

"இது மிஷினில்லப்பா, பீடை," என்றார் மன்றத் தலைவர் செல்லசாமி. "ஹட்டன் கடைக்காரரு இதைத் தூக்கிட்டு பேட்டரி ரேடியோ ஒண்ணு தர்றேங்குறாரு. நாளைக்கு லொறி வருது. ரேடியோன்னா பாட்டாவது கேக்கும். இதுல என்னா தெரியுது? காட்டேரி தெரியுது."

"உங்க மொகத்தை முன்னால காட்டியிருப்பீங்க, தலைவரே," என்றான் சோலைமலை பின்னாலிருந்து. எல்லோரும் சிரித்தார்கள்.

லியனார்ட் சிரிக்கவில்லை. ஸ்டோர் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக், எல்லோருக்கும் 'பாஸ்'. மிஷினைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். அவர் வேலை செய்வதை சண்முகவடிவு ஸ்டோரில் தினமும் பார்த்திருக்கிறாள். ஆனாலும் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. ஒவ்வொரு திருகாணியையும் கழற்றிய வரிசையிலேயே வெள்ளைத்தாளில் அடுக்கினார். எதையும் நெம்பவில்லை, தட்டவில்லை. வராத ஆணியை விட்டுவிட்டு வேறொன்றைத் தொட்டு, கோபம் ஆறட்டும் என்பதுபோல் காத்திருந்து, பிறகு அதனிடம் திரும்பி வந்தார். அதுவும் வந்தது. புருஷன்மார் பலருக்கு இந்தப் பொறுமை இல்லையே என்று அவளுக்குத் தோன்றியது. கந்தப்பனுக்கும் கிடையாது, டப்பா மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கிறவன்.

"மோட்டாரு நல்லாருக்கு," என்றார் லியனார்ட். "பெல்ட்டும் நல்லாருக்கு. படத்தைப் புடிச்சு இழுக்குற பல்லு ஒண்ணு தேஞ்சிருக்கு. அதுக்கு இம்புட்டுக் கோளாறு வரக்கூடாது. வேற என்னமோ இருக்கு. எனக்கு வெளங்கல. வெளங்காத ஒண்ணைச் சரி பண்ணித் தாரேன்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

"அப்ப லொறியில ஏத்திற வேண்டியதுதான்," என்றார் செல்லசாமி.

"ஏத்துங்க. அதுக்கு முன்ன ஒரு தடவை ஓட்டிப் பாத்திர்றேன்."

திரும்பப் பூட்டினார். ஜன்னல்களில் மழைக்குப் போர்த்துகிற கம்பளிகளைத் தொங்கவிட்டார்கள். ஸ்டோரிலிருந்து இழுத்த கம்பியில் மின்சாரம் வந்தது, பல்பு எரிந்தது. சுவரில் மறுபடியும் அந்தக் கறுப்பு மயிர். அதற்குள் எங்கோ அவள் புருஷன் கையை உயர்த்தி அழுதுகொண்டிருந்தான். சண்முகவடிவால் பார்க்க முடியவில்லை. தலையைத் திருப்பிக்கொண்டாள். அப்போதுதான் ஒரு வாசம் மூக்கில் ஏறியது.

"பாஸ், நிப்பாட்டுங்க!"

லியனார்ட் நிறுத்தினார்.

"தேத்தூளு கருகுற வாசம் வருதுங்க."

"ஸ்டோருலேருந்து வருதாக்கும்," என்றார் செல்லசாமி.

"ஞாயித்துக்கெழமை ஸ்டோருல ஏதுங்க அடுப்பு? இந்தப் பொட்டிக்குள்ளேருந்துதான் வருது. பதிமூணு வருசமா இந்த வாசத்துலதான் கெடக்கேன், எனக்குத் தெரியாதா?"

"பாருங்கப்பா, பாஸுக்கு வெளங்காதது மோப்பத்துல வெளங்கிருச்சு!" என்று ஒருவர் கிண்டல் செய்தார். லியனார்ட் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. குனிந்து மிஷினை முகர்ந்தார். பிறகு செல்லசாமியைப் பார்த்தார்.

"தலைவரே, இதை எங்க வச்சிருந்தீங்க?"

"மழையில பூஞ்சணம் புடிச்சிரும்னு ஸ்டோருலதான். சலிக்கிற கூடத்துல. அங்கதானே எப்பவும் சூடா, காஞ்சு இருக்கும்? துருப்பிடிக்காம மாசாமாசம் என் கையாலேயே எண்ணெயும் விட்டேன்."

லியனார்ட் மிஷினைப் பார்த்துத் தலையாட்டினார். சண்முகவடிவுக்கு உடனே புரிந்தது. தேயிலை சலிக்கும்போது பழுப்புப் பஞ்சு பறக்கும். புருவத்தில், காதுக்குள், சோற்றுப் போசியின் மூடிக்குள் எல்லாம் படியும். சாயங்காலம் எத்தனை குளித்தாலும் தலையணையில் ஒட்டும். மழைக்குப் பயந்து செல்லசாமி அருமையாகப் பாதுகாத்து வைத்த இடம் அதுதான்.

படம் ஓடுகிற சின்னச் சதுர வாசலை லியனார்ட் திறந்தார். எண்ணெயில் ஊறிய பஞ்சு அதில் மிஷினின் கறுப்புப் பூச்சோடு பூச்சாக, தார் மாதிரி அப்பியிருந்தது. தோட்டத்து மருந்துக்காரரிடம் ஸ்பிரிட் வாங்கி வரச் சொன்னார். வந்ததும் கோழி இறகை அதில் நனைத்து லென்ஸைத் துடைத்தார். சதுரத்தின் மூலையில் இறகு நுழையவில்லை. கூட்டத்திலிருந்து எழுந்து வந்து கத்தியை எடுத்த மாயாண்டியைக் கையமர்த்தினார்.

"இரும்பு படக்கூடாது. கீறல் விழுந்தா ரீலையே தின்னுரும்." அவள் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, காம்பு பொறுக்குற கை உன்னோடது. இங்க வா."

மூங்கில் சிம்பு ஒன்றைச் சீவிக் கொடுத்தார். சண்முகவடிவு உட்கார்ந்தாள். அவள் விரலுக்கு அது பழகின வேலை. கறுப்பில் கறுப்பைத் தேடி எடுப்பது. இழை இழையாக வெளியே வந்தது. லியனார்ட் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு, ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் நின்றார். தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சபையில் சொன்ன மனுஷன், தன்னைவிட நன்றாகச் செய்கிற கைக்கு இடம்விட்டு நின்றதை அவள் கடைசிவரை மறக்கவில்லை.

மறுபடி பல்பு எரிந்தது.

பெரட்டுக் களம் வெயிலோடு சுவரில் விரிந்தது. படம் லேசாக ஆடியது. அது தேய்ந்த பல்லின் வேலை. நடுவில் ரதி. மீசையை எடுத்த கந்தப்பன். எடுத்த அந்த மீசைக்காக ஒரு மாதம் அவனைக் கேலி செய்து தள்ளியிருக்கிறாள். இப்போது புருஷனை இழந்தவளாக அவன் அங்கே மண்ணில் விழுந்து புரண்டான். மார்பில் அடித்துக்கொண்டான். எரிந்த சாம்பலை அள்ளி முகத்தோடு சேர்த்துக்கொண்டான். சத்தமே இல்லை. ஆனால் பின்னால் உட்கார்ந்திருந்த மீனம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். எப்பேர்ப்பட்ட ஆட்டக்காரன்! கூத்தன்று சண்முகவடிவு கூட்டத்துக்குப் பின்னால் நின்று பாதிதான் பார்த்தாள்; மறுநாள் காலை களத்துக்கு அவள் வந்தபோது ஆட்டம் முடியப்போயிருந்தது. அவன் இப்படி அழுதான் என்பதே அவளுக்குத் தெரியாது. பதினாலு மாதமாகத் தான் அழுததையெல்லாம் அவன் முன்கூட்டியே கற்று வைத்திருந்த மாதிரி இருந்தது.

ஆட்டம் முடிந்தது. கேமராவில் சாவி தீரவில்லை போலும். ரதி எழுந்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆம்பிளைத் தோரணையில் ஏதோ சொல்லிப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். இத்தனை நாளும் கறுப்பு மூடிக்கிடந்த ஓரத்திலிருந்து ஒரு கை உள்ளே நீண்டது. இரண்டு கண்ணாடி வளையல். கையில் ஒரு பித்தளைத் தம்ளர். கந்தப்பன் அதை வாங்கி மடமடவென்று குடித்தான். வெறுந்தேத்தண்ணி. வெள்ளையாக ஓடி ரீல் முடிந்தது.

"அது யாரு கை?" என்றார் செல்லசாமி.

"என் கைதாங்க," என்றாள் சண்முகவடிவு. "ஆடி முடிச்சா தொண்டை காஞ்சிரும், கொண்டா புள்ளன்னு கேட்டாரு."

செல்லசாமி பின்பக்கம் திரும்பினார்.

"சோலைமலை, நாளைக்குக் காலையில கீழ எறங்கி, லொறி வரவேணாம்னு சொல்லிரு."

"அப்ப ரேடியோ?"

"பேசாம இருப்பியா?" என்று அதட்டினார். பிறகு லியனார்டைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அந்தப் பல்லு?" என்று கேட்டார்.

"ஆடிக்கிட்டே ஓடும். நான் பாத்துக்கிறேன். ஆனா எண்ணெய் மட்டும் நீங்க விடாதீங்க தலைவரே, கும்புட்டுக் கேக்குறேன்."

சிரிப்பு அடங்கும்வரை சண்முகவடிவு மூங்கில் சிம்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரோ ஜன்னல் கம்பளியை இழுக்கப் போனார்கள்.

"இருக்கட்டும்," என்றாள். "பாஸ், இன்னொரு தடவை போடுங்க."