மேடம், ஆரம்பிக்கலாங்களா?

வீணா தன் தந்தையின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தபோது, தெருமுனையில் கார் வந்து நின்றது. நீலசந்திராவின் அந்தச் சந்துக்குள் கார் நுழையாது. மாலையோடு இறங்கி நடந்து வந்தவர் அவளுடைய பேராசிரியர் ஜெயராமன்.

"அந்தத் தமட்டைக் கலைஞர் தவறிட்டார் சார். இன்னிக்கு என்னால கிளாசுக்கு வர முடியாது" என்று காலையில் அவரிடம் தொலைபேசியில் சொன்னவள் அவளே. அப்பா என்ற மூன்றெழுத்து அப்போதும் அவள் வாயிலிருந்து வரவில்லை. அவர் நேரில் வருவாரென்று அவள் நினைக்கவுமில்லை. ஆனால், போன மாதம் கல்லூரியில் வாசித்துவிட்டுத் திரும்பிய அவள் தந்தை பச்சைமுத்துவைத் தம் காரிலேயே இத்தெருமுனைவரை கொண்டுவந்து விட்டவர் அவர்.

அவள் படிக்கும் கல்லூரியில் மாணவரே தம் பட்டப்படிப்பை வகுத்துக்கொள்ளலாம். இசைக்கு அங்கே வேலியில்லை, கருவிக்குச் சாதியில்லை. வீணா வயலினை எடுத்தாள், ஜாஸ் பியானோவை எடுத்தாள், மிருதங்கத்தை எடுத்தாள். தமட்டை என்ற பறையையும் எடுத்தாள். பேராசிரியர்கள் கைதட்டினார்கள். சாவுக்கு மட்டும் என்று ஊர் ஒதுக்கிவைத்த கருவியை அவள் மேடையேற்றினாள். அதை அடித்துத் தன்னைப் படிக்கவைத்தவர் தன் தந்தை என்ற உண்மையை மட்டும் வாசலில் நிறுத்தினாள். எந்தச் சாத்திரம் தடுத்தது? எவர் ஆணையிட்டார்?

"இவர் லோக்கல் ஆர்ட்டிஸ்ட். பேரு பச்சைமுத்து" என்று போன மாதம் அவரை வகுப்பின் முன் அறிமுகப்படுத்தினாள்.

பச்சைமுத்து ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு தமட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு கேட்டார்: "மேடம், ஆரம்பிக்கலாங்களா?"

அன்றுமுதல் வீட்டிலும் அவருக்கு அவள் மேடம்தான். "மேடம் துன்னாங்களா?" "ஏய், மேடத்துக்கு ஒரு காப்பி குடு!" பெற்றவனின் பெருமை என்று தெருவே சிரித்தது, தெருவும் அவளை அப்படியே அழைத்தது.

ஜெயராமன் மாலையைச் சாத்திவிட்டு அவள் பக்கம் திரும்பினார். "எவ்வளவு பெரிய கலைஞர்மா! குடும்பத்துல நான் யார்கிட்ட பேசணும்?"

வீணா எழுந்து நின்றாள்.

"அதோ... அவங்க, அவரோட ஒய்ஃப் சார்."

தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த அத்தை ராதா சட்டென நிமிர்ந்தாள். "இன்னாடி பேசற நீ? சார், இவ..."

வீணாவின் தாய் காந்தா, ராதாவின் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பேராசிரியரை நோக்கிக் கைகூப்பினாள்.

"வாங்க சார். இந்த மேடம் ரொம்ப ஒத்தாசை சார். காலைலேர்ந்து இங்கயேதான் இருக்காங்க."

மகள் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

வாசலில் காகிதத்தைக் கொளுத்தித் தமட்டையைச் சூடேற்றிக்கொண்டிருந்த ஆதிகேசவன், பச்சைமுத்துவின் கூட்டாளி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"மேடம், ஆரம்பிக்கலாங்களா?"

வீணா தலையசைத்தாள். முதல் அடி விழுந்தது. பேராசிரியரின் அருகே நின்றிருந்த அவளுடைய விரல்கள் தாமாகவே தொடையில் அந்த அடியைத் தொடர்ந்தன. மறுகையால் அவள் அவற்றைப் பொத்திக்கொண்டாள்.