எண்பத்து நான்கு கண்கள்

ஜெயந்தினி மூன்றாவது ஸ்வெட்டரையும் பையிலிருந்து எடுத்து முகத்தில் அழுத்திக்கொண்டாள்.

"எங்கம்மா வாசம் அப்படியே இருக்கு," என்றாள். சுற்றியிருந்த பெண்கள் மறுபடியும் அழத் தொடங்கினார்கள்.

அது அடுப்புப் புகையின் வாசம் என்பது நிலக்ஷிக்குத் தெரியும். அந்த மூன்றையும் அவள்தான் சோறு வேகும் நேரங்களில் அடுப்படியில் உட்கார்ந்து பின்னியிருந்தாள். அவள் தேநீர்க் குவளைகளைத் தட்டில் அடுக்கினாள்.

பெட்டி இரண்டு வாங்குப் பலகைகளின் மேல் இருந்தது. உள்ளே காளியாயி, நிலக்ஷியின் மாமியார், மூக்கில் பஞ்சுடன் படுத்திருந்தாள். முந்தைய நாள் விடியற்காலையில், தேநீர் கொண்டுவா என்று சொல்லிவிட்டு, அது வருவதற்குள் இறந்துபோனாள். தீபாவளிக்குப் பதினோரு நாள் இருந்தது.

டயகம தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளாலான அந்த லயத்தில் காளியாயியின் ஸ்வெட்டர்களை அறியாதவர் இல்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் வீட்டில் ஆளுக்கொன்று. கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக்காம்பராவில் ஆயாவாக இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். மகன் விஜிதரனுக்கு, நோர்வூட்டில் வாழ்க்கைப்பட்ட மகள் ஜெயந்தினிக்கு, அவள் கணவனுக்கு. மருமகளுக்கு மட்டும் மூன்று தீபாவளிகளாகக் கிடைக்கவில்லை. விஜிதரன் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள்.

இந்த வைகாசியில் காளியாயியின் வலது கட்டைவிரல் மடங்க மறுத்தது. அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு மாலை, கீழே விழுந்த ஊசியை நிலக்ஷி எடுத்து, நழுவிய பின்னல் கண்களைக் கோத்து, ஒரு வரிசையைப் பின்னி முடித்துக் கொடுத்தாள். கல்யாணத்துக்கு முன்பு அக்கரப்பத்தனையில் தையல், பின்னல் வகுப்புக்குப் போனவள் அவள். யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

காளியாயி அந்த வரிசையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் போடுற. மிச்சத்தையும் நீயே போடு. ஆனா நான் போட்டதாவே இருக்கட்டும்."

"சரிங்க அத்த."

"நான் செத்த பொறவு வேணும்னா சொல்லிக்க."

அதன்பிறகு வாசலில் காலடி கேட்டால் ஊசிகள் மாமியாரின் கைக்குப் போகும். காலடி கடந்ததும் திரும்பி வரும். மூன்று ஸ்வெட்டர்களும் அப்படித்தான் முடிந்தன. நான்காவதற்குக் கத்தரிப்பூ நிற நூலைக் காளியாயி தானே எடுத்து வைத்தாள்.

"இது ஒனக்கு. தீபாவளியன்னைக்கு எல்லாருக்கும் முன்னால என் கையால தாரேன்."

தன் கையாலேயே பின்னியதை அவள் கையால் வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற ஏற்பாட்டில் நிலக்ஷிக்குக் குறை தெரியவில்லை. முன்பாகம் முக்கால்வாசி வந்திருந்தது.

செத்த பிறகு என்றால் அன்றைக்கேயா, பதினாறு முடிந்த பின்பா என்று அவள் கேட்டு வைத்திருக்கவில்லை.

ஜெயந்தினி பையின் அடியிலிருந்து அந்தக் கத்தரிப்பூ நிறத் துண்டை ஊசிகளோடு வெளியே எடுத்தாள். நூலுருண்டையும் கூடவே வந்தது.

"இது யாருக்குன்னு தெரியலையே. அம்மாவோட கடைசி வேலை. இனி இத யார் முடிக்கப்போறா? அம்மாகூடவே போகட்டும்." பிறகு தம்பி மனைவியைப் பார்த்தாள். "நீயும் மூணு வருசமா கூடவே இருந்த. ஒரு தொப்பி போடவாவது கத்துக்கிட்டிருக்கலாம்."

"அவளுக்கு அதுக்கெல்லாம் எங்க பொறுமை," என்றான் விஜிதரன். கொழும்புக் கடையில் வேலை செய்பவன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருபவன்.

நிலக்ஷி குவளைத் தட்டைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

மரண உதவிச் சங்கத் தலைவர் செல்லசாமி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். "மழைக்கு முன்ன தூக்கணும். வைக்கிறத வைங்க. ஊசிய மட்டும் உருவிருங்கம்மா. பெட்டிக்குள்ள இரும்பு ஆகாது."

"ஆணிய மட்டும் கரும்புலயா செஞ்சிருக்கீங்க, தலைவரே?" என்று வெளியே யாரோ கேட்டார்.

"அது வெளியில அடிக்கிறதுடா. பேசாம தப்பு மேளத்த எடு."

ஜெயந்தினி ஊசியின் தலையைப் பிடித்தாள். இரண்டு விரற்கடை உருவினாள். ஓரத்திலிருந்த கண்கள் ஒவ்வொன்றாக நழுவி வாய் திறந்தன.

"மதினி, உருவாதீங்க."

தட்டு எப்போது கையை விட்டுப் போனது என்று நிலக்ஷிக்குத் தெரியவில்லை.

"அப்படியே உருவுனா பிரிஞ்சிரும். குடுங்க, மூடித் தாரேன்."

"ஒனக்கு எப்படி..."

நிலக்ஷி வாங்கி, பெட்டியின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தாள். நழுவியவற்றை முதலில் ஊசியில் ஏற்றினாள். இரண்டு கண்களைப் பின்னி, முதலாவதை இரண்டாவதன் மேல் தூக்கிப் போட்டாள். அடுத்தது. அதற்கடுத்தது. எண்பத்து நான்கு. கையைப் பார்க்காமலே அவளால் அதைச் செய்ய முடிந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டேயிருந்தாள், வேறெங்கும் பார்க்க விரும்பாததால்.

அழுகை நின்றிருந்தது. ஊசிகள் உரசும் சத்தம் மட்டும் கேட்டது. செல்லசாமி வானத்தைப் பார்த்தார், அவசரப்படுத்தவில்லை. விஜிதரன் மனைவியின் விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாங்குக்கு அடியில் உருண்டுபோன நூலை ஜெயந்தினி எடுத்தாள். நிலக்ஷியின் அருகில் குந்தி, இழுபடாதவாறு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திவிட்டாள்.

கடைசிக் கண்ணில் நூலை நுழைத்து இறுக்கி, நிலக்ஷி பல்லால் கடித்து அறுத்தாள்.

"எல்லாமே நீதானா?" என்று ஜெயந்தினி மெதுவாகக் கேட்டாள்.

நிலக்ஷி துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"இது யாருக்கு?"

"எனக்கு, மதினி. அத்ததான் போடச் சொன்னாங்க. அவங்க கட்டவெரல் மடங்கல." அவள் அதை நீட்டினாள். "வச்சிருங்க. நேரமாச்சு."

ஜெயந்தினி அதை வாங்கவில்லை. எழுந்து, தாயின் சேலை மடிப்பைச் சரிசெய்தாள். வலது கையைத் தொட்டாள். கட்டைவிரலை மடக்கிப் பார்த்தாள், விட்டுவிட்டாள்.

"மூடிருங்க, தலைவரே," என்றாள்.

ஆணிகள் இறங்கின. தப்புச் சத்தம் படியிறங்கி, தேயிலைக்கு நடுவே போய், வளைவில் மங்கியது. பெண்கள் வீட்டைக் கழுவத் தண்ணீர் எடுக்கப் போனார்கள். நிலக்ஷி கத்தரிப்பூத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தாள். மேலே பின்ன வேண்டுமானால், மூடிய எண்பத்து நான்கையும் முதலில் அவிழ்க்க வேண்டும். அவளுடைய நகம் கடைசி முடிச்சைத் தேடிக்கொண்டிருந்தது.